வெள்ளிக்கிழமைக் கோழி

அத்தியாயம் 11

வியோரிகா ஊர் திரும்பி ஆறு நாளாகிவிட்டது. அவள் பெட்டி மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

போன சனிக்கிழமை அந்தப் பெட்டியை அவள் கணவன் வலேரியு நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறியதையும், லிஃப்ட் வைக்காமல் வீடு கட்டிவிட்டுப் போனவர்களை நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து ஆசை தீரத் திட்டியதையும் சென்ற வாரம் பார்த்தோம். யாஷ் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவன் அவன். இருநூறு பேரை அலுங்காமல் இழுத்துக்கொண்டு போவான், ஒரு பெட்டிக்கு மூச்சு வாங்கிவிட்டது.

எட்டு வருஷம் இத்தாலியில் இருந்தாள் வியோரிகா. பதுவை நகரத்தில் ஓர்னெல்லா என்கிற எண்பத்தாறு வயது அம்மாளைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டி, தூங்க வைக்கிற வேலை. மகள் இலிங்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது வேன் ஏறிப் போனவள், அவளுக்கு இருபது வயதாகும்போது வந்து இறங்கியிருக்கிறாள். நடுவில் கோடைக்குக் கோடை பத்து நாள் வந்து போனதை அந்த வீட்டில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

வந்த அன்று “வந்துட்டேன்” என்றுதான் சொன்னாள். இனிமேல் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. இலிங்காவும் கேட்கவில்லை. பெட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டே காலேஜுக்குப் போய் வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பதுவையிலிருந்து ஃபோன் வந்தது. ஓர்னெல்லாவின் மகன் ரெனாத்தோ. வியோரிகா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இத்தாலிய மொழியில் பேசினாள். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஊட்டினால் அம்மா வாயைத் திறப்பதில்லையாம். சூப் கொடுத்தால் துப்பிவிடுகிறாளாம். ஒரு வாரமாக அரை பிஸ்கட்டும் சர்க்கரைத் தண்ணீரும்தான் உள்ளே போகிறதாம். மூன்றே மாதம் வந்து இருந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்கும்போது அந்த ஆண்பிள்ளையின் குரல் உடைந்துவிட்டது.

வியோரிகா கல்மனசுக்காரி இல்லை. அதுதான் அவளுக்கு எப்போதும் வினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் இருக்கிறது, பார்க்கிறேன் என்று அவனிடம் சொன்னவள், அந்த வேனில் ஒரு சீட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டாள். கணவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“பொண்ணுகிட்ட நீயே சொல்லிக்கோ” என்று வலேரியு எழுந்து போய்விட்டான்.

நீயே சொல்லிக்கோ என்றால் எப்படிச் சொல்வது? வெறும் வாயால் சொல்ல வியோரிகாவுக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள்.

சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். நவம்பர் பதினாலு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் விரதம் நாளைக்குத் தொடங்குகிறது. இன்றைக்குக் கறிக்கு விடை கொடுக்கிற நாள். நல்லதாக ஒரு கோழி சமைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு, சாப்பிட்ட கையோடு மெதுவாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலே கைவிட்டாள். ஏழு குதுய் பழங்கள் வரிசையாக இருந்தன. மஞ்சளாக, மேலே பூஞ்சணம் மாதிரி சாம்பல் ரோமத்தோடு, கல்லுப்போல. பச்சையாகக் கடித்தால் நாக்கு சுருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வாசனை இருக்கிறதே, துணிமணியெல்லாம் குளிர்காலம் முழுக்க மணக்கும். அதற்காகவே எல்லா வீட்டிலும் அலமாரி மேல் வைப்பார்கள். வியோரிகா மூன்றை எடுத்துக்கொண்டாள்.

சந்தையில் கோழிக்கடையில் ஆளே இல்லை. பீன்ஸ் கடையிலும் காளான் கடையிலும்தான் கூட்டம். நல்லவேளை, வரிசை இல்லாமல் முடிந்தது என்று வியோரிகா சந்தோஷப்பட்டாள். கோழி வெட்டிக் கொடுத்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்ததை, தன் இத்தாலியக் கோட்டைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்ததும்தான் தெரிந்தது, இது அவள் அடுப்பங்கரை இல்லை என்று. உப்பு இருந்த இடத்தில் தீப்பெட்டி. கரண்டிகள் இருந்த இழுப்பறையில் துடைக்கும் துணிகள். உப்பு என்று எடுத்த டப்பாவில் சர்க்கரை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைய கதை வேறு மாதிரி போயிருக்கும். எல்லாவற்றையும் இலிங்கா தன் கைக்கும் உயரத்துக்கும் ஏற்ற மாதிரி மாற்றி வைத்திருந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும்போது, யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்து அவர்களுக்குத் தெரியாமல் சமைப்பதுபோல வியோரிகாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் கைக்கு மறக்கவில்லை. கோழித் துண்டுகளுக்கு உப்பும் மிளகுத்தூளும் தடவி, எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பொன்னிறமாக வறுத்து எடுத்தாள். பழத்தின் ரோமத்தைத் துணியால் தேய்த்துத் துடைத்து, தோலோடு கீற்றுக் கீற்றாக நறுக்கினாள். கத்தி இறங்க மறுத்தது. உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்கினாள். அந்தக் கீற்றுகளையும் கோழி வறுத்த எண்ணெயிலேயே இரண்டு பக்கமும் சிவக்க விட்டாள்.

அடுத்தது சர்க்கரை. அதில்தான் இந்தச் சமையலின் உயிர் இருக்கிறது. சர்க்கரையை வெறும் வாணலியில் போட்டு உருக விட வேண்டும். தேன் நிறம் வரும், அப்போது இறக்கினால் வெறும் தித்திப்பு. கடுந்தேநீர் நிறம் வந்து, லேசாகக் கசக்கப்போகிற நொடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அந்த நொடியில் ஃபோன் அடித்தது. வேன் ஓட்டுகிற மித்ருத்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை சீட்டு வேணுமா வேணாமா? இன்னைக்கு ஆறு மணி வரைக்கும்தான் வெப்பேன். வேற ஆளு கேக்குறாங்க.”

“ஆறுக்குள்ள சொல்றேன்ப்பா.”

திரும்பிப் பார்த்தபோது சர்க்கரை கரியாகியிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. வாணலியைச் சுரண்டிக் கழுவிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. தண்ணீர் விட்டதும் சீறி அடங்கியது. அதைக் கோழி மேலும் பழத்தின் மேலும் ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலை போட்டு, மூடி, தீயைத் தணித்தாள்.

கால்மணி நேரத்தில் வாசனை வீட்டை நிறைத்து, கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டில் இறங்கிவிட்டது. அது இறங்கிய வேகத்திலேயே மூன்றாவது மாடி அக்லாயா ஏறி வந்துவிட்டாள். அறுபது வயது, கோயிலில் பாடுகிறவள், அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

“அடியே வியோரிகா, என்னடி இது கோழி வாசனை?”

“கோழிதான் அக்கா. குதுய் போட்டு. இன்னைக்குத்தானே கறிக்கு விடை கொடுக்கிற நாள்? இருங்க, ஒரு தட்டு போட்டுத் தர்றேன்.”

அக்லாயா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“வெள்ளிக்கிழமை எவளாவது கறி திம்பாளா? பதினாலு வெள்ளியில வந்தாலும் புதன்ல வந்தாலும் முந்தின நாளே முடிச்சுடணும்னு உனக்குத் தெரியாதா? நேத்தே முடிஞ்சு போச்சுடி! நேத்து இந்தப் படிக்கட்டு பூரா வறுவல் வாசனை. இன்னைக்கு எல்லார் வீட்டிலயும் பீன்ஸ்தான். எட்டு வருஷத்துல சுத்த இத்தாலிக்காரி ஆயிட்ட போ.”

வியோரிகா முதலில் சிரித்தாள். சந்தையில் கோழிக்கடை ஏன் காற்று வாங்கியது என்று இப்போது புரிந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, நேத்து ராத்திரி இலிங்கா சாஸேஜ் வறுத்தா. ஒரு சட்டி நிறைய. இன்னும் ஒண்ணு சாப்பிடும்மா, இன்னும் ஒண்ணுன்னு பின்னாலயே வந்தா. எனக்கு மனசு சரியில்ல. ஒண்ணோட எந்திரிச்சுட்டேன்.”

விடை கொடுக்கிற விருந்தை மகள் நேற்றே போட்டுவிட்டாள். தாய்க்கு அது விருந்து என்றே தெரியவில்லை.

“சரி விடு” என்றாள் அக்லாயா. “உன் புருஷன் என்ன சாமியாரா? டிராம் சக்கரத்தைத் தவிர எல்லாம் திம்பான். இலிங்காதான் பாவம்...” சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “எனக்கு அடுப்புல பீன்ஸ் இருக்கு. வர்றேன்.”

வாசனைக்காக மாடி ஏறி வந்தவள் ருசிகூடப் பார்க்காமல் இறங்கிப் போனது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு வலேரியு வேலை முடிந்து வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் மூடியைத் தூக்கினான். முகம் மலர்ந்தது. ஒரு கீற்றை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றான். பிறகு கண்ணைத் திறந்தான்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“தெரியும். இப்பத்தான் அக்லாயா அக்கா வந்து மானத்தை வாங்கிட்டுப் போனா. உனக்கும் எனக்கும் என்ன விரதம்? இலிங்காவுக்கு என்ன? அக்கா எதையோ முழுங்கிட்டுப் போனா. நீயாவது சொல்லு.”

வலேரியு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மறுபடி எடுத்தான். மறுபடி வைத்தான்.

“அவ சாப்பிட மாட்டா. வெள்ளிக்கிழமை கறி, பால், முட்டை எதையும் தொடறதில்ல.”

“எப்பலேருந்து?”

“நீ போன வாரத்திலேருந்து.”

வியோரிகா அடுப்பை அணைத்தாள்.

“புனித பரஸ்கேவா கோயில்ல போயி நேர்ந்துக்கிட்டா. தனியா. பள்ளிக்கூடப் பையோட வரிசையில நின்னு. அம்மா திரும்பி வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன்னு. வந்து எங்கிட்ட சொன்னா. அம்மாகிட்ட சொன்னா பலிக்காதுப்பான்னு சத்தியம் வாங்கினா. பன்னெண்டு வயசுப் பொண்ணு மூக்கைத் துடைச்சுக்கிட்டே சத்தியம் கேட்டா நீ என்ன பண்ணுவ?”

கோடையில் வரும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வந்தால் இலிங்காவுக்கு வயிறு சரியில்லாமல் போகும். பிரயாண அலுப்பில் வியோரிகா அதைக் கவனித்ததில்லை. ஒரு தடவை மருந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எட்டு வருஷ வெள்ளிக்கிழமைகள் என்றால் நானூறுக்கும் மேல்.

“அதான் வந்துட்டேனே!” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வலேரியு படுக்கையறைப் பக்கம் பார்த்தான். கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டியின் கைப்பிடி தெரிந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வியோரிகா கோழிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்கனியில், காலிப் பூந்தொட்டிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தாள். வலேரியு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து வாசனையை வெளியே விரட்டினான். வாணலியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் எண்ணெயில் வதங்கின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், குதுய் பழமும் கருக்கிய சர்க்கரையும் சேர்ந்த வாசனையை மறைக்க முடியாது. அது திரைச்சீலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஐந்து மணிக்கு இலிங்கா வந்தாள். கதவைத் திறந்து உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கோட்டு மாட்டியபடியே இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“வந்துட்டியா? குளிருமே, உள்ள வா” என்றாள் வியோரிகா. “உருளைக்கிழங்கு பண்ணியிருக்கேன். எண்ணெயிலதான். வெண்ணெய் போடல.”

“வண்டி ஞாயித்துக்கிழமைதானே?” என்று இலிங்கா கேட்டாள்.

வலேரியு துண்டை மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டான்.

“யாருடி சொன்னது? நீ சொன்னியா?” வியோரிகா கணவன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா சொல்லல. நேத்து பால்கனியில நீயே சொன்ன.”

“நான் பேசினது...”

“இத்தாலிய மொழி. தெரியும். ரெண்டு வருஷமா படிக்கிறேன். ஃபோன்ல பேசும்போது அந்தம்மாகிட்ட திரும்பித் திரும்பி ஏதோ சொல்வியே, எங்கிட்ட பேசறதைவிட அவங்ககிட்ட நல்லாப் பேசுவியே, என்னதான் பேசறேன்னு தெரிஞ்சுக்கலாம்னு படிச்சேன்.” கழுத்துத் துணியை உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள். “நேத்து தெரிஞ்சப்பகூட, அம்மா மாட்டேன்னு சொல்லிடும்னு நெனச்சேன். இப்ப ரெண்டாவது மாடி ஏறும்போது வாசனை வந்துச்சு. அங்கயே உக்காந்துட்டேன்.”

“கோழி வாசனைக்கு என்ன? பதினாலுன்னு நெனச்சு சமைச்சுட்டேன். வெள்ளிக்கிழமைங்கறது எனக்கு...”

“போன தடவையும் இதே கோழிதான்மா.”

வியோரிகாவுக்கு ஒரு கணம் புரியவில்லை.

“நீ போறதுக்கு முந்தின நாள். பள்ளிக்கூடத்திலேருந்து வந்தேன். கீழ்ப்படியிலேயே வாசனை. எனக்கு ஒரே குஷி. ரெண்டு கால் சாப்பிட்டேன். ரொட்டியால சட்டியைத் துடைச்சேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த. காலையில எந்திரிச்சா நீயும் இல்ல, பெட்டியும் இல்ல. அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் அதைச் சமைக்கல. வருஷா வருஷம் அப்பா குதுய் வாங்கி மேல வைப்பாரு. சுருங்கினதும் அக்லாயா அத்தை ஜாம் போட எடுத்துட்டுப் போவாங்க.”

வியோரிகா நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளுக்குப் பிடித்ததைச் செய்து போட்டால் சேதியின் கசப்பு தெரியாது என்று நினைத்தாள். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கோழிதான் சேதி என்று ஆகிப்போனது அவளுக்குத் தெரியாது.

“மூணே மாசம்டி” என்றாள். “அந்தம்மா சாப்பிடமாட்டேங்கறாங்க. என் கையாலதான் வாயைத் திறப்பாங்க. ஒரு வாரமா ஒண்ணுமே உள்ள போகல. செத்துப் போயிட்டா என்னடி பண்றது?”

“ஒரு வாரமா அவங்க சாப்பிடல, நீ சீட்டுப் போட்டுட்ட” என்றாள் இலிங்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. “நான் எட்டு வருஷமா வெள்ளிக்கிழமை சாப்பிடலம்மா. உனக்கு யாருமே ஃபோன் பண்ணலையா?”

“இலிங்கா...” என்றான் வலேரியு.

“நீங்க சும்மா இருங்கப்பா.”

உருளைக்கிழங்கு கருகும் வாசனை வந்தது. வலேரியு போய் அடுப்பை அணைத்தான். கடிகாரம் ஐந்தரை காட்டியது.

வியோரிகா எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கதவை விலக்கும் சத்தம் கேட்டது. இலிங்கா சுவரைப் பார்த்து நின்றாள். வலேரியுவுக்குத் தன் பெண்டாட்டி அழப் போயிருக்கிறாள் என்று தோன்றியது. ஆனால் வந்தது அழுகைச் சத்தம் இல்லை, சக்கரச் சத்தம். பெட்டியை அடுப்பங்கரைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தரையில் படுக்கப் போட்டு, ஜிப்பை இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. வலேரியு குனிந்து இழுத்துவிட்டான்.

முதலில் வீட்டுச் செருப்பு வந்தது. அதைக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு ஸ்வெட்டர்கள், துவைத்து மடித்த வேலை உடைகள், ஒரு காபிப் பாத்திரம், மருந்து டப்பா. ஒவ்வொன்றையும் எடுத்து நாற்காலிமேல், மேஜைமேல், ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அடியில் மூன்று ஜோடி ஷூ இருந்தன. எல்லாம் பெண் பிள்ளை ஷூக்கள். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரியது. ஒன்றுகூட யார் காலிலும் ஏறியதில்லை.

“அனுப்பலாம்னு வாங்குவேன்” என்றாள் வியோரிகா. “அளவு கேட்டா உங்கப்பா சொல்ற அளவு போன வருஷத்து அளவா இருக்கும். அனுப்பறதுக்குள்ள உன் கால் வளந்துடும்.”

இலிங்கா நடு ஷூவை எடுத்துப் பார்த்தாள். தன் பாதத்தோடு வைத்துப் பார்த்தாள். குதிகால் முழுசாக வெளியே நின்றது.

வியோரிகா கவிழ்த்து வைத்திருந்த ஃபோனை எடுத்தாள்.

“மித்ருத், நான்தான். ஞாயித்துக்கிழமை சீட்டை அவங்களுக்கே கொடுத்துடு... இல்லப்பா, அடுத்த வாரமும் வேணாம். எப்பவுமே வேணாம்.”

வைத்துவிட்டு, காலிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அந்தம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டு கிடக்கிற காட்சி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

“வந்துட்டேன்” என்றாள் மகளிடம். “இனிமே போறதா இல்ல. உன் உப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டிக் கொடு.”

இலிங்கா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவைவிட அரை அடி உயரமாக இருந்ததால் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். வலேரியு அழாமல் இருப்பதற்காகக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலே மீதி நாலு பழத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். இறங்கும்போது மூக்கை உறிஞ்சினான்.

“பால்கனியிலேருந்து சட்டியை எடுத்துட்டு வாங்கப்பா” என்றாள் இலிங்கா.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்றான் வலேரியு ஜாக்கிரதையாக.

“நேர்ந்துக்கிட்டது முடிஞ்சுதுப்பா. அம்மா வந்தாச்சு. அதுவும் இன்னைக்கு விட்டா நாற்பது நாள் காத்திருக்கணும். என்னால முடியாது.”

“அக்லாயா அக்கா என்ன சொல்லுவா?” என்றாள் வியோரிகா.

“வாசனையிலேயே பாதி சாப்பிட்டிருப்பாங்க. அவங்க என்ன சொல்றது?”

சட்டியைச் சூடு பண்ணினார்கள். பழக் கீற்றுகள் ஓரம் கருகிச் செம்பு நிறமாக இருந்தன. உப்பும் மிளகும் ஏறிய கோழி மேல் அந்தக் குழம்பு பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கிடந்த ஸ்வெட்டர்களை ஒதுக்கித் தட்டு வைத்தார்கள். இலிங்காவுக்கு இரண்டு கால். அவள் முதல் துண்டை வாயில் வைத்து, மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“என்னடி? உப்பு கம்மியா?”

“ஆமாம்” என்றாள் இலிங்கா. “கொஞ்சம் கம்மி.” பிறகு குனிந்து எலும்பு தெரியும் மட்டும் நிமிரவில்லை. வியோரிகா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை அவளும் சாப்பிட்டாள்.

ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. ரெனாத்தோ என்று பெயர் வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வியோரிகா கையை நீட்டவில்லை.

இலிங்காதான் எடுத்தாள். ரொட்டிக் கூடையில் ஃபோனைச் சாய்த்து, அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

திரையில் ஒரு கட்டில், நாலு தலையணை, நடுவில் ஓர்னெல்லா. வெள்ளைத் தலை கலைந்து கிடந்தது. வாய் கோடுபோல் இறுகியிருந்தது. பக்கத்தில் புதுப் பெண் சூப் கிண்ணத்தோடு தவித்துக்கொண்டிருந்தாள். ரெனாத்தோ மூச்சு விடாமல் இத்தாலிய மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் வியோரிகா அதே மொழியில். ஒரு பழக் கீற்றை முள்கரண்டியில் குத்தி, ஃபோனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தன் வாயை ‘ஆ’ என்று திறந்தாள். எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்த காரியம்.

பதுவையில் அந்தக் கோடு விரிந்தது. புதுப் பெண் சட்டென்று ஒரு கரண்டி சூப்பை உள்ளே விட்டாள். அது உள்ளேயே இருந்தது. இன்னொரு கரண்டி. இலிங்கா மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆறாவது கரண்டிக்கு ரெனாத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஓர்னெல்லா வாயைத் துடைக்கச் சொல்லிக் காட்டினாள். பிறகு பேசினாள். குரல் மெலிந்திருந்தது, அதிகாரம் மெலியவில்லை.

“நீ எப்ப வர்ற?”

“நான் வரலம்மா” என்றாள் வியோரிகா. “எங்க வீட்டுல இருக்கேன். இதோ, என் பொண்ணு.”

ஓர்னெல்லா இலிங்காவை உற்றுப் பார்த்தாள். அவள் கையில் இருந்த கோழிக்காலையும் பார்த்தாள்.

“அப்படீன்னா நான் வர்றேன்” என்றாள்.

ரெனாத்தோ பெருமூச்சு விட்டு ஃபோனைக் கீழே திருப்பினான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோல்பெட்டி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, தயாராக நின்றது. “நாலு நாளா அப்படியே இருக்கு. பிரிக்க விடமாட்டேங்கறாங்க” என்றான்.

வலேரியுவுக்கு மொழி புரியவில்லை. பெட்டி புரிந்தது.

“நாலாவது மாடின்னு சொல்லு! லிஃப்ட் கிடையாதுன்னு சொல்லு!”

வியோரிகாவால் சொல்ல முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இலிங்கா கோழிக்காலைத் தட்டில் வைத்தாள். விரலை நக்கிவிட்டு, ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் படித்த மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

“நாலு மாடி ஏறணும். உங்களால முடியுமா?”

ஓர்னெல்லா யோசித்தாள்.

“முடியும்” என்றாள். “நடுவுல ரெண்டு தடவை உக்காந்துக்குவேன்.”